அம்மா உபவாசம் இருந்த மெயின்ஸ் தேர்வு

சென்ற ஆண்டு ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வு முடிவு வந்தபோது பட்டியலில் என் எண் இல்லை. மேலிருந்து கீழாகத் தேடினேன். கீழிருந்து மேலாகவும் தேடிப் பார்த்தேன். தி.நகர் பயிற்சி மையத்திலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வந்ததும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பாஸ் என்று சொல்லிவிட்டேன்.

மெதுவாக உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். அம்மா என்னைவிட வேகம். நம் சபையின் ஞாயிறு ஆராதனையிலேயே எழுந்து அறிவித்துவிட்டார். நீங்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அடுத்த கட்டமான மெயின்ஸ் முடியும்வரை வெள்ளிதோறும் உபவாசம் என்று அம்மா பொருத்தனை செய்துகொண்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு.

நானோ நவீன இந்திய வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். விதவை மறுமணத்துக்காகப் பேசிய சீர்திருத்தவாதிகள் சொந்தபந்தங்களின் எதிர்ப்பை எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன். பெற்ற தாயிடம் ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. வெள்ளி மதியம் அவர் வெறும் வயிற்றோடு முழங்காலில் நிற்பார். சமூக சீர்திருத்தம் படித்த மகன் பரோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை, அடையாறு ஜெபக்கூட்டத்தில் அம்மாவின் கை நடுங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. பயந்துபோனேன். முதலில், தேர்வே ரத்தாகட்டும் என்றுதான் ஜெபித்தேன். நாடே குழம்பினாலும் என் மானம் போகக்கூடாது பாருங்கள். பிறகுதான் அழுகை வந்தது. ஆண்டவரே, அம்மா சாப்பிட வேண்டும், நான் அசிங்கப்பட்டாலும் சரி என்றேன்.

கண்ணைத் திறந்தால், போதகர் என்னைச் சாட்சி சொல்ல அழைக்கிறார். இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“நான் பாஸ் பண்ணல. பொய் சொல்லிட்டேன். அம்மாவுக்கு யாராவது சாப்பிட ஏதாவது குடுங்க.”

பின்வரிசை ஸ்டெல்லா அக்கா பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். உபவாசக் கூட்டத்துக்கு அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா தின்றார், தண்ணீர் குடித்தார். நடுக்கம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன்டா, காலைலயே சொல்லியிருந்தா ரெண்டு இட்லியாவது துன்னுருப்பேன்ல?”

அதற்கப்புறம் அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. ஆனாலும் அம்மாவைக் காத்தவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுபடியும் அதே பாடங்களைத்தான் படிக்கிறேன். இந்த முறை முடிவு எதுவானாலும் வீட்டில் அதையேதான் சொல்வேன்.

எதையாவது மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்களே, வெட்கத்தோடேயே அவரிடம் கேளுங்கள். வெட்கம் தீரட்டும் என்று நாள் கடத்தாதீர்கள். உங்களுக்காக யாரோ பசியோடு இருக்கக்கூடும்.