அத்தானின் லாரியும் அக்காவின் சிலிண்டரும்

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். நானும் என் அக்காவும் சேர்ந்து ஒரு கேஸ் சிலிண்டரைத் திருடினோம்.

அதுவும் அவள் வீட்டுச் சிலிண்டரையே. அவள் வீட்டுக்காரர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது.

பதறாதீர்கள். இந்தப் பத்தியை எழுதுகிறவன் இன்னும் அவ்வளவு மோசமாகிவிடவில்லை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, நாங்கள் செய்தது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

அக்கா செண்பகத்துக்குத் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வீடு. எனக்கும் அங்கேதான், இரண்டு தெரு தள்ளி. அத்தான் முத்தையா சொந்தமாக ஒரு ஆறு சக்கர லாரி வைத்திருக்கிறார். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று மலை ஏறி இறங்கி, கொல்லம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்புவார். இருபது வருஷமாக அதே ரோடு, அதே வளைவுகள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... டீசல் விலை ஏறும் வரை. அத்தானின் லாரி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர்தான் ஓடும். ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "லாரிய குடுத்துட்டு என் கடைல வந்து உக்காருடே. ஃபேன் காத்துல நிம்மதியா இருக்கலாம்."

அத்தானுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஏலே மாப்ள, நாள் பூரா உர மூட்டைய பாத்துக்கிட்டே உக்காரணுமாம்லே. மூட்டைக்குக் காவலா நானு?" என்றார் என்னிடம். அந்த மனிதருக்கு லாரி ஒரு தொழில் மட்டுமில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஆனாலும் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் — இந்த சாரல் சீசன் முடிவதற்குள் மைலேஜ் ஏறவில்லை என்றால் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று.

அதற்குப் பிறகுதான் அத்தானின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர். வீடு அளவுக்கு ஒரு டீசல் டிரக். இன்ஜின் உறிஞ்சும் காற்றோடு கொஞ்சம் புரோப்பேன் கேஸையும் சேர்த்து ஊட்டிவிட்டால் டீசல் மிச்சமில்லாமல் எரியுமாம், இழுவை கூடுமாம், மைலேஜ் எகிறுமாம். அவர் அதற்கென்றே தனி டேங்க், சென்சார், தானாக மூடிக்கொள்ளும் வால்வு எல்லாம் வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் அத்தான் கட்டை விரலால் வீடியோவைத் தள்ளிவிட்டார்.

"அதெல்லாம் அந்த ஊருக்கு மாப்ள. நமக்கு ரெகுலேட்டர் இருக்குல்லா?"

"புரோப்பேனுக்கு எங்க போவிய அத்தான்?"

"நம்ம வீட்டு அடுப்புல எரியுத கேஸ்லயும் அதானலே கலந்திருக்கு!"

தெரிந்த மெக்கானிக்கிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவராவது புத்தி சொல்லட்டும் என்று. அவர் முழுதாகக் கேட்டுவிட்டுப் பெரிய கும்பிடாகப் போட்டார். "அண்ணாச்சி, கேஸ் கூடிப்போச்சுன்னா இன்ஜின் உள்ளுக்குள்ள தட்டித் தட்டியே உடைஞ்சிரும். டியூப் கழண்டுச்சுன்னா நீங்களும் சேந்து போவிய. நான் இதுல ஸ்பேனர தொடவே மாட்டேன்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்வது? அத்தான் என்ன செய்தார் தெரியுமா? கடைத்தெருவில் டியூபும் கிளிப்பும் வாங்கிக்கொண்டு வந்து தானே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுச் சிலிண்டரை வண்டிக்குப் போடுவது சட்டப்படி குற்றம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நீ எழுதுத ஆளு. உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்பம் சும்மா இரு!" முடிந்தது விவாதம்.

அக்கா சண்டை போட்டாள். அழுதாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அந்த இரண்டு நாள் அமைதியில் அத்தான் ஏர் ஃபில்டர் குழாயில் ஓட்டை போட்டு, டியூபைச் சொருகி, கேபினுக்குப் பின்னால் கம்பிச் சட்டம் அடித்து, வீட்டிலிருந்த ஃபுல் சிலிண்டரைத் தூக்கி வைத்து, பெல்ட் போட்டு இறுக்கியும் விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புளியங்குடியில் லோடு. அதற்கு முன்னால் ஒரு சின்னத் தூக்கம்.

எனக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, உடனே வா. ஸ்கூட்டர ரோட்டுலயே நிறுத்திட்டு, சத்தம் போடாம நடந்து வா."

வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை. அங்கேதான் லாரி நிற்கும். நான் போனபோது அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரி மேல் நின்றாள். ரெகுலேட்டரைக் கழற்றவும் மாட்டவும் அவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? டக்கென்று கழற்றினாள். ஃபுல் சிலிண்டரை இரண்டு பேருமாகப் பிடித்து இறக்கினோம். அடுக்களை மூலையில் கிடந்த காலி சிலிண்டரை அந்த இடத்தில் ஏற்றினோம். ரெகுலேட்டரை அதில் மாட்டி, பெல்ட்டை அத்தான் கட்டிய மாதிரியே கட்டினாள். டியூபில் கூட ஒரு நெளிவு மாறவில்லை.

"அவரு கண்டுபிடிச்சிட்டாருன்னா?" என்றேன்.

"கண்டுபிடிச்சா திட்டுவாரு. திட்டுததுக்கு ஆளு இருப்பாருல்லா, அது போதும்" என்றாள் அக்கா.

ஃபுல் சிலிண்டரை என் ஸ்கூட்டரின் முன்னால் வைத்து என் வீட்டுக்கே கொண்டு போனேன். "நம்ம வீட்டுல எப்பம் மூணு சிலிண்டர் ஆச்சு?" என்று கேட்ட என் மனைவிக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் நான் திரும்பிப் போனபோதுதான் அத்தான் எழுந்தார். முகம் கழுவினார். லாரிக்குப் போய், பயபக்தியோடு ரெகுலேட்டரைத் திருகினார். எங்களைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு. கிளம்பிவிட்டார்.

எங்கள் கணக்கு எளிமையானது. போய்விட்டு வருவார். மைலேஜ் அதே நாலரைதான் இருக்கும். வீடியோக்காரரைத் திட்டிவிட்டு எல்லாவற்றையும் கழற்றிப் போடுவார். உயிருக்கும் சேதமில்லை, மானத்துக்கும் சேதமில்லை.

இரண்டாம் நாள் தென்காசி பெட்ரோல் பங்கிலிருந்து போன் வந்தது. கிளம்பும்போது டேங்க்கை ஃபுல் செய்து, திரும்பி வந்து அதே பம்ப்பில் மறுபடி ஃபுல் செய்து பார்ப்பதுதான் லாரிக்காரர்கள் மைலேஜ் பார்க்கும் முறை.

"மாப்ள... அஞ்சே கால்லே! லிட்டருக்கு அஞ்சே கால்!"

நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் லாரியை நிறுத்திவிட்டு, படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏட்டி செண்பகம், வண்டிய குடுக்க வேண்டாம்ட்டி! நான் எங்கயும் போய் உக்கார வேண்டாம்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"காலி சிலிண்டர்ல எப்பிடில மைலேஜ் ஏறும்?" என்று அடுக்களையில் வைத்து என் காதில் கேட்டாள். நான் என்ன சயின்டிஸ்ட்டா? எனக்கும் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

தப்பு அங்கேதான் நடந்தது.

மறுநாள் காலை, குற்றாலம். நல்ல சாரல். அதே லாரியில்தான் போக வேண்டும் என்று அத்தானுக்கு ஒரே பிடிவாதம். கேபினில் நாங்கள் மூன்று பேர். ஐந்தருவியில் கூட்டத்தோடு கூட்டமாக முண்டியடித்து நின்றபோது, புளியங்குடி லாரி ஓனர்கள் இரண்டு பேரை அத்தான் பார்த்துவிட்டார். அருவி இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? தொண்டை கிழியக் கத்தினார்.

"கேஸ் மாட்டினேன் வே! அஞ்சே கால் குடுக்கு!"

அருவியில் நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

குளித்து முடித்து, ஈரத்துண்டோடு எல்லோரும் லாரிக்குப் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். ஓனர்கள் இரண்டு பேரும் சிலிண்டரையும் டியூபையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அத்தான் வாத்தியாராகவே மாறிவிட்டார். "இங்கன ஓட்டை. இங்கன கிளிப்பு. அவ்வளவுதான் சங்கதி."

அவர்களில் மூத்தவர் வேலாயுதம் அண்ணாச்சி. "எங்க வீட்டுல ஃபுல் சிலிண்டர் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. நாளைக்கே வந்து மாட்டிக் குடும் வே. நாளன்னைக்கு நான் லோடு ஏத்துதேன்" என்றார். அத்தானும் சரி என்று தலையாட்டினார்.

இவர் வண்டியில் இருப்பது காலி. அந்த அண்ணாச்சி வண்டியில் ஏறப்போவது ஃபுல். எங்கள் திருட்டை நம்பி ஒரு மனிதர் நிஜமான கேஸோடு மலை ஏறப் போகிறார்! ஏதாவது ஆனால் அந்த வீட்டுக்கு யார் போய்ப் பதில் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையிலிருந்த பஜ்ஜியை என்னிடம் கொடுத்துவிட்டு, லாரி மேல் ஏறினாள். ரெகுலேட்டரைக் கழற்றினாள். பெல்ட்டை அவிழ்த்தாள். எல்லோரும் பார்க்க, சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கிக் கீழே நின்ற என்னிடம் நீட்டினாள்.

ஃபுல் சிலிண்டரை யாராவது ஒற்றைக் கையால் தூக்க முடியுமா?

"நான்தான் மாத்தி வச்சேன்" என்றாள் அக்கா. "நீங்க இதை மாட்டுன அன்னைக்கே எனக்குப் பாதி உசுரு போயிட்டு. லாரி போனா உரக்கடை இருக்கு. நீங்க போனா எனக்கு என்ன இருக்கு? அண்ணாச்சி, உங்க வீட்டு மதினிகிட்ட கேக்காம நீங்களும் மாட்டாதிய." கடைசி வாக்கியத்தில் அழுதுவிட்டாள்.

அத்தான் முகம் செத்துப்போனது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையிலும் பஜ்ஜியும் சிலிண்டருமாக நின்றேன். பார்த்ததுமே நானும் கூட்டாளி என்று அவருக்குப் புரிந்திருக்கும். லாரி படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்பம் அஞ்சே கால் எங்கன இருந்து வந்துச்சு?" என்றார்.

வேலாயுதம் அண்ணாச்சிதான் கேட்டார். "நீரு என்ன வேகத்துல வே போனீரு?"

"நாப்பத தாண்டல. முதுகுக்குப் பின்னால சிலிண்டர வச்சிக்கிட்டு எவன் விரட்டுவான்? ஒரு மணி நேரம் முன்னாலயே கிளம்பிட்டேன்."

"ஓவர்டேக்கு?"

"ஒருத்தனையும் முந்தல. போறவன் போட்டும்னு வழி விட்டுட்டேன்."

"பிரேக்கு?"

"தூரத்துலயே கால எடுத்துருவேன். சடக்குன்னு பிடிச்சா அது குலுங்கும்லா... ஆரியங்காவு டீக்கடைல சேட்டன் சிலிண்டர பாத்துட்டு எதுக்குன்னு கேட்டாரு. சமைக்கன்னேன். 'அடுப்பெவிடே?'ன்னாரு, அடுப்பு எங்கன்னு. அதுக்கும் பயந்து உருட்டிக்கிட்டே வந்தேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கே புரிந்துவிட்டது. முதலில் சிரித்தவர் அத்தான்தான். பிறகு அண்ணாச்சி. பிறகு பஜ்ஜிக் கடைக்காரர். கண்ணீரோடு அக்காவும்.

இன்ஜினில் தேடிய மைலேஜ் இருபது வருஷமாக வலது காலில் இருந்திருக்கிறது! நான் மட்டும் என்ன யோக்கியம்? கட்டுரை வேகமாக எழுத வேண்டும் என்று போன வருஷம் புது கீபோர்டு வாங்கினேன். கட்டுரை என்னவோ எடிட்டர் போன் பண்ணி அதட்டுகிற அன்றைக்குத்தான் முடிகிறது. புதிதாக எதையாவது மாட்டிக்கொள்ள நாம் எல்லோரும் தயார். இருப்பதை ஒழுங்காக ஓட்டத்தான் மனசு வருவதில்லை.

அன்றைக்கே டியூபைப் பிடுங்கி எறிந்தார் அத்தான். அந்த மெக்கானிக்கே வந்து ஏர் ஃபில்டர் குழாயைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். காலி சிலிண்டர் அடுக்களை மூலைக்கும், ஃபுல் சிலிண்டர் அடுப்படிக்கும் திரும்பின. ஆலங்குளம் அண்ணனுக்கு போன் போட்டு, "வண்டி ஓடும்" என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

ஆனால் அக்காவுக்கு ஒரு சந்தேகம். சிலிண்டர் இறங்கிவிட்டது... பயமும் சேர்ந்து இறங்கிவிட்டால்? "அடுத்த டிரிப்புக்கு நானும் வாரேன்" என்று கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தான் போகும் அந்த ரோட்டை அவள் பார்த்ததே இல்லை.

நேற்று தென்மலையில் டீக்கு நிறுத்தியபோது போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். "தம்பி, இங்கன நல்ல மழ. ஒரே பச்சையா இருக்கு. உங்க அத்தான் முப்பத்தஞ்சுலதான் போறாரு. நான் மீட்டர பாத்துக்கிட்டேதான் வாரேன். வளைவுக்கு வளைவு சொல்லிக்கிட்டேதான் வாரேன்."

போன் கை மாறியது. அத்தான் ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"மாப்ள... அந்தச் சிலிண்டராவது வாயத் திறக்காம வந்துச்சுலே."