மைனருக்கு லீவு

அமுதவல்லிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டு வாசலில் குதிரை நிற்கிறது என்றுதான் தரகர் சொன்னார். அவளுடைய அப்பா அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை. குதிரை வைத்திருக்கிறவன் நிலபுலன் வைத்திருக்க மாட்டானா என்று நினைத்துவிட்டார். கீரனூர்ப் பக்கம் அந்த வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான், குதிரை மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தது. அதுவும் கல்யாண ஊர்வலத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்குப் போகிற குதிரை. அவள் கல்யாணத்து ஊர்வலம் மட்டும் இரவல் காரில் நடந்தது. ஏன் என்று கேட்டதற்கு மாப்பிள்ளை மலையாண்டி, "அன்னிக்குக் குதிரைக்கு வேற எடத்துல ஆர்டர் புள்ள," என்றார்.

அந்தக் குதிரைக்குப் பிறகு வந்ததுதான் மைனர். வெள்ளைக் குதிரை. சுற்றுவட்டாரத்தில் பாதி மாப்பிள்ளைகள் அதன் முதுகில் உட்கார்ந்து பயத்தில் வேர்த்தவர்கள். தவில் சத்தம் கேட்டால் போதும், முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடும். மாப்பிள்ளை விழுந்தாலும் தாளம் தப்பாது.

இப்போது மைனருக்கு வயசாகிவிட்டது. முதுகு தொட்டில் மாதிரி இறங்கி, இடுப்பெலும்பு துணி காயப்போடுகிற அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. மலையாண்டி அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, குட்டி யானை வண்டி ஒன்று வாங்கி லோடு அடித்துக்கொண்டிருந்தார்.

மாட்டுத் தரகர் பிச்சை இதைக் கேள்விப்பட்டு வந்து நின்றார்.

"அத்தாச்சி, சும்மா நிக்கிற குதிரைக்கு எதுக்குத் தீனி? குடுத்துருங்க. நல்ல எடமாப் பாத்து விட்டுர்றேன்."

"எந்த எடம்?"

"மலையாளத்துப் பக்கம் பெரிய தோட்டம். நெழலு, தண்ணி, எல்லாம் இருக்கு."

"அவ்வளவு நல்ல தோட்டமா இருந்தா மொதல்ல நீங்க போய் ஒரு மாசம் இருந்துட்டு வாங்கண்ணே. திரும்பி வந்தீங்கன்னா குதிரைய அனுப்புறேன்."

பிச்சை காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் அமுதவல்லிக்கு மைனர் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. தினமும் சாணி அள்ளுகிறவளுக்குப் பிரியம் வேறு மாதிரி. ஆனால் நம் வீட்டில் உழைத்ததை லாரியில் ஏற்றிவிட்டு, அது எங்கே போனது என்று தெரியாத மாதிரி நடிக்க அவளால் முடியாது.

கால்நடை டாக்டர் ரகுநாத் மைனரின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பல் எல்லாம் போச்சு, இனிமேல் கொள்ளை வேக வைத்து அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "ஒரு நாள் படுத்தா எந்திரிக்க முடியாமப் போயிரும்மா. அன்னிக்கு அதைப் போட்டு இழுக்காதீங்க, என்னயக் கூப்பிடுங்க. வலியில்லாம அனுப்பிரலாம். குழிக்கு மட்டும் இப்பவே எடம் பாத்து வைங்க. கெணத்துக்குத் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்துல. ஊசி போட்ட ஒடம்பத் தின்னா அதுவும் செத்துப்போகும்."

மலையாண்டிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. குழி என்ற சொல் காதில் விழுந்ததுமே வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். முந்திரித் தோப்பு ஓரமாக இடம் பார்த்து வைத்தது அமுதவல்லிதான்.

கொள்ளு அரைக்கிற வேலை வீட்டு கிரைண்டருக்கு வந்தது. திருச்சியில் வேலை பார்க்கிற மகள் காவ்யா வாங்கிக் கொடுத்த புது கிரைண்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்த அவள் இட்லியைப் பிட்டு மோந்து பார்த்தாள்.

"அம்மா, இதுல குதிரைக்கு அரைச்சியா?"

"கழுவிட்டுத்தான்டி நமக்கு அரைச்சேன்."

"மொதல்ல நமக்கு, அப்பறம் அதுக்கு அரைக்கக் கூடாதா?"

"அது காலையில அஞ்சு மணிக்கே கொட்டகையில நின்னு கத்துது. நீ எட்டு மணிக்குத்தான எந்திரிக்கிற?"

மழைக்காலம் முடிந்ததும் மைனர் முதல் தடவையாகப் படுத்துவிட்டது. உசுப்பியும் எழவில்லை. விஷயம் தெருவுக்குப் பரவி, பிச்சை ஒரு ரோஜா மாலையோடு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து யாரோ வீட்டு விசேஷத்துக்குத் தவில்காரர்கள் ரோட்டில் வாசித்துக்கொண்டு போனார்கள். மைனர் காதை நிமிர்த்தியது. முக்கி, முனகி, எழுந்து நின்றது. எழுந்த களைப்புக்கு பிச்சை கையில் இருந்த மாலையைக் கவ்வி, நாரைத் துப்பிவிட்டுப் பூவை மட்டும் குதப்பித் தின்றது.

"பாத்தியா!" என்று மலையாண்டி துள்ளினார். "எந்திரிக்க முடியாத நாளாம்ல? டாக்டருக்குச் சொல்லு!"

மறுநாளே ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவந்தார். அதன் பிறகு மைனர் எப்போது படுத்தாலும், இவர் செல்போனைத் தட்டுவார், தவில் முழங்கும், மைனர் எழுந்துவிடும். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அமுதவல்லி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போன பிறகும் அந்தப் பின்னங்கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருக்கும். கழுத்தெல்லாம் வேர்வை.

"ஏங்க, அது ஆசையா எந்திரிக்கல. பழக்கத்துல எந்திரிக்குது. காலு நடுங்குது பாருங்க."

"ஆடுது புள்ள."

"ஆடுறதுக்கும் நடுங்குறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். ஓய்வு குடுத்தாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, தெனம் வேலைக்குக் கூப்பிடுறீங்க."

"அப்ப செத்துப்போகட்டும்னு விட்டுரச் சொல்றியா?"

மறுநாள் அவள் ஸ்பீக்கரைத் தூக்கி அடுப்படி அரிசி டிரம்முக்குள் போட்டு, மேலே இரண்டு படி அரிசியைக் கொட்டி மூடிவிட்டாள். ஆனால் அணைக்கத் தெரியவில்லை.

மத்தியானம் மலையாண்டி லோடு இறக்கிவிட்டு வந்தார். மைனர் படுத்திருந்தது. ஸ்பீக்கர் வழக்கமான இடத்தில்தான் இருக்கும் என்ற நினைப்பில் வாசலில் நின்றபடியே செல்போனைத் தட்டினார். தவில் முழங்கியது, அரிசி டிரம்முக்குள்ளிருந்து. அமுதவல்லி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

மைனர் எழுந்தது. சத்தம் வருகிற திசையைத் தேடியது. மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார் என்று நினைத்ததோ என்னவோ, நேராக வீட்டுக்குள் நடந்தது. ரோடு மேல் ரோடாகப் போட்டு உயர்ந்துவிட்டதில் அந்த வீட்டுக்குப் படியே இல்லாமல் போயிருந்தது. இரட்டைக் கதவு வேறு திறந்து கிடந்தது. ஹாலுக்குள் நாலடி வைத்ததும் டைல்ஸில் பின்னங்கால் வழுக்கி, அப்படியே உட்கார்ந்து, சாய்ந்துவிட்டது.

தெருவே சேர்ந்து தார்ப்பாய் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். இடுப்பு நிற்கவில்லை. மைனரின் முன்னங்கால் மட்டும் தாளத்துக்குத் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"அத நிறுத்துங்க மொதல்ல!" என்று கத்தினாள் அமுதவல்லி.

மலையாண்டி செல்போனில் எதை எதையோ அமுக்கினார். கடைசியில் சத்தம் நின்றது. முன்னங்காலும் நின்றது. மைனர் பெருமூச்சு விட்டுத் தலையைத் தரையில் வைத்தது. இவ்வளவு நாளும் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது.

டாக்டரை அவள்தான் கூப்பிட்டாள். வந்தவர், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் ஒரு கணம் தயங்கி, கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இடுப்பை அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அமுதவல்லி அரைத்த கொள்ளில் கருப்பட்டியைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து ஊட்டினாள். பாதியைத் தின்றது, பாதி அவள் சேலையில் வழிந்தது.

"டாக்டர், ஒரே ஒரு தடவை பாட்டுப் போட்டுப் பாப்பமா?" என்றார் மலையாண்டி.

டாக்டர் அமுதவல்லியைப் பார்த்தார்.

"வேணாங்க," என்றாள் அவள். "அதுக்கு லீவு விடுங்க. இங்கிட்டு வந்து தலையப் புடிங்க."

மலையாண்டி வந்து உட்கார்ந்து தலையை மடியில் எடுத்துக்கொண்டார். முதல் ஊசி தூங்குவதற்கு. அது தூங்கிய பிறகுதான் அடுத்த ஊசி. அவ்வளவுதான்.

சாயங்காலம் மலையாண்டியின் வண்டியிலேயே ஏற்றினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மைனர் அடுத்தவன் முதுகில் ஏறிப் போனது. முந்திரித் தோப்பு ஓரத்தில், அமுதவல்லி காட்டிய இடத்தில், ஜேசிபி ஆழமாகத் தோண்டி மூடியது.

மறுநாள் துக்கம் கேட்க பிச்சை வந்தார்.

"வீட்டுக்குள்ளயா அத்தாச்சி? ஃபேனுக்கு அடியிலயா?"

"ஆமாண்ணே. உங்க தோட்டத்துல ஃபேன் உண்டா?"

உள்ளே மலையாண்டி இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மாவுல என்னமோ கொறையுது," என்றார்.

"கிரைண்டரைத் தேச்சுக் கழுவிட்டேன்," என்றாள் அமுதவல்லி. "சாப்பிடுங்க."