பியென் மூட்டிய பகல் அடுப்பு

பியென் சமைத்ததைத் தின்று உயிர் பிழைத்தவன் நான். அதனால் அவனைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. தெற்கே மலைக்காட்டில் சண்டை போட்ட வருஷங்களில் எங்கள் பிளட்டூனுக்கு அவன்தான் சமையல்காரன். அரிசி தீர்ந்தால் மரவள்ளி, அதுவும் தீர்ந்தால் காட்டுக்கீரை.

"அண்ணே, இன்னைக்குப் புல்லா, வைக்கோலா?" என்போம்.

"உன் மாமியார் வீட்டு விருந்து. மூடிக்கிட்டுத் தின்னு" என்பான்.

காட்டில் புகைதான் எமன். அடுப்பைக் குழிக்குள் அமைத்து, புகை போக நீளமாக வாய்க்கால் வெட்டி, அதைக் கிளையாலும் மண்ணாலும் மூட வேண்டும். அந்த மண்ணில் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்தால்தான் புகை மேலே எழும்பாமல் தரையோடு படியும். மேலே சுற்றும் வேவு விமானத்துக்குக் 'கிழவி' என்று பெயர் வைத்திருந்தோம். கிழவியின் கண்ணில் புகை பட்டால் அடுத்தது குண்டுதான்.

ஒரு வெயில்காலம். பாதிப் பேர் மலேரியாவில் கிடந்து, சூடாகக் கஞ்சி வேண்டும் என்று முனகினார்கள். பாவம் பார்த்துப் பியென் பகலிலேயே அடுப்பை மூட்டினான். ஓடை பள்ளத்தில் இருந்தது, அவனுக்கும் காய்ச்சல். ஒரு தடவை தெளிக்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டான். கிழவி வந்தாள், பின்னாலேயே குண்டும் வந்தது. மரங்களுக்கு நடுவே கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்த ஹுவான் செத்துப்போனான். எங்கள் ஊர்ப் பையன்.

சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். தப்பு செய்தவன் தானே எழுந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும், எங்கள் படையில் அதுதான் வழக்கம். மண் காய்ந்து கிடந்தது பியெனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் சொல்லத்தான் எழப் போனானாம். அதற்குள் தோவான் எழுந்துவிட்டான். அவனும் எங்கள் ஊர்தான்.

"நான்தான். வெள்ளைப் பனியனைத் துவைச்சுப் புதர் மேல காயப் போட்டேன். கிழவி அதைத்தான் பாத்திருக்கும்."

"அடப்பாவி, உன் பனியனுக்கு ஒரு உயிரா?" என்று கத்தினோம். என் குரல்தான் பெரிது. பியென் கத்தவில்லை. காலிச் சட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

சண்டை முடிந்து, வடக்கே செவ்வாற்றுக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினோம். எங்களுக்கு முன்னாலேயே பனியன் கதை ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஹுவானின் அம்மா வருஷா வருஷம் மகனின் நினைவு நாளில் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கோழியடித்துச் சோறு போடுவாள். தோவானை மட்டும் உள்ளே விடமாட்டாள். அவனும் விடாமல் வந்து மூங்கில் வேலிக்கு வெளியே கைகட்டி நின்றுவிட்டுப் போவான். ஊதுவத்தி ஏற்றக்கூட அனுமதியில்லை. அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. அவன் அம்மாவோடு சேர்ந்து நாற்று நட ஒருத்தியும் வயலில் இறங்கவில்லை.

பியென் என்ன செய்தான்? தோவான் வீட்டுக்குக் கூரை வேய்ந்து கொடுத்தான். பண்டிகைக்கு வாத்து கொடுத்தான். "உன்னை மாதிரி மனுஷன் உண்டாப்பா" என்று தோவானின் அம்மா கும்பிட்டால் அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டு வந்தான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் வாத்தைக் கொடுத்திருக்கிறான், மடையன்! ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவனும் நிம்மதியாக இருக்கவில்லை. வீட்டில் அடுப்பு புகைந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடிவிடுவான் என்று அவன் பெண்டாட்டி புலம்புவாள்.

போன குளிர்காலத்தில் தோவானின் அம்மா படுத்த படுக்கையானாள். பியென் தினமும் போய்ப் பார்த்தான். கடைசி நாளில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர்தான் மன்னிக்கல. நீயாவது என் பிள்ளைய மன்னிச்சிடுப்பா" என்றாளாம். அன்றே போய்விட்டாள்.

அடுத்து வந்த ஹுவான் நினைவு நாளில், பந்தியின் நடுவில் பியென் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அம்மா, பனியன் இல்ல. புகை. அடுப்பு மண்ணுல நான் தண்ணி தெளிக்கல. உங்க பையன் செத்தது என்னாலதான்."

ஹுவானின் அம்மா அவனையே பார்த்தாள்.

"அவன் வேலிக்கு வெளிய நிக்கறதைப் பாத்துக்கிட்டேதான் என் கோழியைத் தின்னியா?"

"ஆமாம்மா."

அவள் ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். தோவானிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். "உள்ள வாப்பா. உன்னையும் உங்கம்மாவையும் நான் என்ன பாடு படுத்திட்டேன், பாவி" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தோவான் ஊதுவத்தியை வாங்கவில்லை. நேராகப் பியெனிடம் வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடிக்கட்டும், தடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன்.

"நெசமாவா அண்ணே? என் பனியன் இல்லியா?"

"இல்லடா."

அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது, சத்தியமாக மலர்ந்தது. பிறகு எதையோ யோசித்தவன் போல நின்றான்.

"அம்மா போன அன்னைக்கு நானும் பக்கத்துலதானே இருந்தேன்" என்றான். "எங்கம்மா கேட்டப்ப, 'மன்னிச்சிட்டேம்மா'ன்னு சொன்னியே அண்ணே!"