கால் ஆணி, ஒரு டஜன்

தபால் பிரிக்கும் கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் பாக்கலாம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. டீ குடிக்கப் போகலாமா என்றால் பாக்கலாம். தலைக்கு மேல் குழல் விளக்கு தொங்குகிறதே, விழுந்துவிடாதா என்றால் பாக்கலாம். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே சொல்லிவிட்டு வந்தார். எட்டு மாதம் கழித்துப் பெண்ணின் அப்பாவே வீடு தேடி வந்து, "தம்பி, பாத்தது போதும், தேதியச் சொல்லுங்க" என்ற பிறகுதான் கழுத்தை நீட்டினார். அந்தப் பெண் இன்றைக்கு மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அவரோடு குப்பை கொட்டுகிறாள்.

கெட்ட மனுஷன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. மின்விசிறி வாங்க இரண்டு கோடையை வேர்த்தே கழித்தார் என்பது உண்மைதான். மூன்றாவது கோடையில் வாங்கிய விசிறி பன்னிரண்டு வருடமாக முனகாமல் சுற்றுகிறது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வாய் அழுகிப்போகும்.

அவர் யோசிக்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று, அது ஓட்டம். முப்பத்தெட்டு வயதில் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தால் வேலைக்கு நேரமாகிறது என்று ஓட ஆரம்பித்தார். பத்து வருடம் ஆகிவிட்டது, இன்னும் நிற்கவில்லை. பத்தாயிரம் மீட்டர்தான் அவருடைய பந்தயம். மைதானத்தை இருபத்தைந்து சுற்று சுற்ற வேண்டும். "பொறப்பட்ட எடத்துக்கே இருபத்தஞ்சு தடவ திரும்பி வரதுக்கு எதுக்குங்க இவ்வளவு அவசரம்?" என்று மனைவி முதல் நாளே கேட்டாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வருடம் மூத்தவர்களுக்கான தேசியப் போட்டி தெற்கே கடலோரத்தில் ஒரு பெரிய ஊரில் நடப்பதாக இருந்தது. நாற்பது நிமிடத்துக்குள் ஓடிக் காட்டுபவர்களுக்குத்தான் இடம். ஓடிவிட்டால் இலாகாவே சிறப்பு விடுப்பு கொடுத்து, டிக்கெட்டும் எடுத்து அனுப்பும். அந்த ஊருக்குப் போகும் கடிதங்களை இருபத்தாறு வருடமாக அவர் கைதான் பிரித்துப் போட்டிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோர்ட் நோட்டீஸ், அக்கா தங்கைக்கு அனுப்பிய புடவைப் பார்சல் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டன. எந்தத் தெருவுக்கு எந்தத் தபால்காரர் என்பது வரைக்கும் தெரியும். அந்த ஊரின் மண்ணை மட்டும் மிதித்ததில்லை. ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை அவர் வெளியில் சொன்னதில்லை. வெளியில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம்.

அவருடைய நேரம் நாற்பது நிமிடம் ஆறு வினாடி. தகுதி ஓட்டம் இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதற்கு ஏழு வாரம் இருந்தது. ஆறு வினாடியை இருபத்தைந்து சுற்றுக்குப் பங்கு போட்டால் சுற்றுக்குக் கால் வினாடி. தும்மும் நேரம்கூட இல்லை.

பக்கத்து மேஜையில் முத்திரை குத்துகிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு முத்திரை என்றே பெயர். அவர்தான் கொளுத்திப் போட்டார்.

"அண்ணே, உங்க கால்ல இருக்கறது ஷூவா, சிமெண்ட் மூட்டையா? பந்தயத்துக்குன்னு அடியில ஆணி வெச்ச ஷூ இருக்கு. ஸ்பைக்ஸ். அதப் போட்டுப் பாருங்க."

"பாக்கலாம்."

சாதாரண பாக்கலாம் இல்லை இது. அன்று சாயந்தரமே மருந்துக் கடைத் தெருவில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய்விட்டார். விற்பனையாளர் நல்ல பையன்தான், வெள்ளைப் பற்களோடு மூன்று ஜோடி எடுத்து வைத்தார். முதலாவது நூறு மீட்டர்காரர்களுக்கானது. அடிப்பாகம் பலகை போல விறைப்பாக இருக்கும், குதிகாலுக்கு மெத்தை என்று எதுவும் கிடையாது, போட்டவுடன் முன்னால் தள்ளும். அதைப் போட்டு இருபத்தைந்து சுற்று ஓடினால் ஆளை ஸ்ட்ரெச்சரில்தான் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது நடுத்தூரத்துக்கு. மூன்றாவதுதான் நெடுந்தூரத்துக்கு. குதிகாலில் கொஞ்சம் மெத்தை, வளைந்து கொடுக்கும் அடி, காலோடு ஒட்டிக்கொள்ளும் மேல்துணி.

அவர் மூன்றாவதைக் கையில் எடுத்தார், கண்ணை மூடினார்.

"நூத்தி அம்பது கிராம்."

விற்பனையாளர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். நூற்று ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் பார்சல் தூக்கிய கை அது. தராசைவிட அந்தக் கையைத்தான் கூடத்தில் நம்புவார்கள். கைக்கு இருந்த தெளிவில் பத்தில் ஒரு பங்கு வாய்க்கு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"அப்ப பில் போட்டுடவா சார்?"

"பாக்கலாம்."

ஏழு வாரத்தில் ஒன்பது தடவை போனார். சாயந்தரம் கால் வீங்கும், காலையில் சுருங்கும் என்று இரண்டு வேளையும் போட்டுப் பார்த்தார். சாக்ஸ் போட்டு ஒரு நாள், வெறுங்காலில் ஒரு நாள். பெருவிரல் முன்னால் இடிக்கிறதா, இடிக்காமல் இடிப்பது போலத் தோன்றுகிறதா என்று ஒரு வாரம் ஆராய்ச்சி. ஐந்தாம் தடவை அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். ஏழாம் தடவை வேறொருவருக்கு அளவு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, அவர் நாற்காலியில் வேறு யாரோ ஓர் உயரமான ஆள் உட்கார்ந்து, அந்த அளவில் கடையில் மிச்சமிருந்த ஒரே ஜோடிக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்ற நம்மவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"சார், அது என்னோடது."

"பில் போட்டாச்சா?" என்றார் உயரமான ஆள்.

"இப்பப் போடறாங்க."

ஏழு வாரம் மூளை செய்ய முடியாததை அடுத்தவன் கால் ஒரு நிமிடத்தில் செய்து முடித்தது. விற்பனையாளர் எங்கே மனசு மாறிவிடப் போகிறதோ என்று அவசர அவசரமாக ஓர் ஆணிப் பொட்டலத்தையும் ஒரு திருகு சாவியையும் பெட்டிக்குள் போட்டு, கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண் மைதானத்தில் ஓடிப் பார்த்தார். பறந்தார். சாயந்தரம் சாவகாசமாகப் போட்டிச் சுற்றறிக்கையைப் படித்தார். ரப்பர் ஓடுதளத்தில் கால் அங்குலத்துக்கு மேல் நீளமான ஆணிக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. அவருடைய ஆணிகள் அரை அங்குலம், சேற்றிலும் புல்லிலும் ஓடுகிறவர்களுக்கானவை. சுற்றறிக்கை வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்து இரவு எட்டு வரை அவருக்கு இரட்டை வேலை. வேலை நேரத்தில் சொந்த போன் கூடத்துக்குள் வரக் கூடாது. நாலு மணிக்கு இலாகா போனிலிருந்து மனைவி வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் போட்டார். ஷூ கடை அங்கிருந்து நான்கு கடை தள்ளித்தான். மனைவி சரக்கு எடுக்க உள்ளே போயிருந்தாள். முதலாளி எடுத்தார்.

"அவகிட்ட கால் ஆணி ஒரு டஜன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க சார்."

கால் அங்குலத்தில் அங்குலத்தை அவர் முழுங்கிவிட்டார். ஓட்டக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்களாம். மருந்துக் கடைக்காரருக்கு கால் ஆணி என்றால் பாதத்தில் வருகிற கட்டி மட்டும்தான்.

"கால் ஆணியா? எந்தக் கால்ல?"

"ரெண்டுக்கும் சார். ஒரு காலுக்கு ஆறு."

"ஆறா? அதோட எப்படிங்க நடக்கறீங்க?"

"நடக்கறதுக்கு இல்ல சார், நாளைக்கு ஓடணும். இப்ப இருக்கறது ரொம்ப நீளமா இருக்கு. உள்ள விட மாட்டாங்க."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "சரி, பதட்டப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். பிறகு அவள் வந்ததும் எல்லார் முன்னாலும், "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு கால்லயும் ஆறு ஆணியோட நிக்கறாரு. மருந்துக் கடையில இருந்துக்கிட்டு இதக்கூடப் பாக்கலையா?" என்று கேட்டார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

எட்டரை மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. காலக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓர் ஆணியும் இல்லை. மேஜை மேல் கால் ஆணி பிளாஸ்டர் பன்னிரண்டு இருந்தது. அவர் பிளாஸ்டரைப் பார்த்தார், ஷூ பெட்டியைப் பார்த்தார், மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது கால் இஞ்ச் ஆணி."

"இஞ்ச்சுங்கற வார்த்தைக்கு போன்ல தனி சார்ஜா?"

"கடை தெறந்திருக்குமா?"

"ஏழு மணிக்கே பூட்டியாச்சு. நாளைக்குப் பத்து மணிக்குத் தெறப்பாங்க. உங்க பந்தயம் ஏழுக்கு. முதலாளி என்ன ஒரு பார்வை பாத்தாரு தெரியுமா? புருஷனப் பட்டினி போட்டவளப் பாக்கற மாதிரி."

முனகிக்கொண்டே தட்டை எடுத்து வைத்தாள். சாப்பாடு மட்டும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே விழுந்தது.

மறுநாள் காலை மைதானத்தில் ஷூவைப் பரிசோதிக்கும் அதிகாரி கழுத்தில் விசிலோடு நின்றார். ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஓட வந்தீங்களா, உழ வந்தீங்களா?"

"சின்ன ஆணி யார்கிட்டயாவது கெடைக்குமா?"

"நான் என்ன ஆணிக் கடையா வெச்சிருக்கேன்? அஞ்சு நிமிஷம் இருக்கு. பழைய ஷூ இருந்தா போடுங்க. இல்லன்னா ஆணியக் கழட்டிட்டு ஓடுங்க. சட்டம் தடுக்காது. வழுக்கினா நான் பொறுப்பில்ல."

அவர் மனைவியைப் பார்த்தார். "என்ன பண்ணலாம்?"

"என்னக் கேக்காதீங்க. ஓடப் போறது நான் இல்ல."

பழைய ஷூவோடு நாற்பது நிமிடம் ஆறு வினாடி நிச்சயம், கடலோர ஊர் நிச்சயமாக இல்லை. ஆணி இல்லாத ஸ்பைக்ஸோடு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவர் பழைய ஷூ ஒன்றையும் புது ஷூ ஒன்றையும் எடுத்துப் பிடித்துக் கண்ணை மூடினார். பழையது இருநூற்றுத் தொண்ணூறு. புதியது அதில் பாதி. இருபத்தாறு வருடமாகப் பொய் சொல்லாத கை இன்றைக்கு மட்டும் சொல்லிவிடுமா என்ன? உட்கார்ந்து சாவியால் பன்னிரண்டு ஆணியையும் பல் பிடுங்குவது போலப் பிடுங்கி மனைவியின் கையில் கொட்டினார்.

நாற்பது நிமிடத்துக்குச் சுற்றுக்குத் தொண்ணூற்றாறு வினாடி. அவள் வேலியோரம் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் சொன்னாள். முதல் பத்துச் சுற்றும் கடிகாரம் போல வந்தார். வளைவுகளில் கால் லேசாக வழுக்கியது, அதனால் அங்கே அடக்கிக்கொண்டு நேர்ப் பாதையில் விட்டதைப் பிடித்தார். பதினேழாவது சுற்றில் கெண்டைக்கால் இரண்டும் இறுக ஆரம்பித்தன. புது ஷூவைப் பல நாள் போட்டுப் பழகாமல் பந்தயத்தில் இறங்கினால் வரும் வினை அது. ஒன்பது தடவை கடைக்கு நடந்த கால்கள்தான், ஆனால் பழைய செருப்போடு நடந்தன.

"தொண்ணூத்தெட்டு," என்றாள் இருபதாவது சுற்றில். "தொண்ணூத்தெட்டு," என்றாள் மறுபடி. இருபத்திரண்டு முடிந்தபோது கணக்குக்கு நான்கு வினாடி பின்னால் இருந்தார். அவர் முகம் பிழிந்த துணி போல இருந்தது. அப்போது அவள் நேரம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"அங்க கடல் இருக்காம்," என்றாள். "நானும் பாத்ததில்ல."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்கு மூச்சில்லை. அடுத்த சுற்று தொண்ணூற்று நான்கு. அதற்கடுத்தது தொண்ணூற்று மூன்று. கடைசிச் சுற்றில் வளைவாவது வழுக்கலாவது, எதையும் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்கத் தெரியாமல் இருபது அடி ஓடிப் புல்லில் விழுந்தார்.

அதிகாரி நேரத்தை எழுதினார். முப்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தேழு வினாடி.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "மூணு செகண்டு மிச்சம். கொஞ்சம் நிதானமாவே வந்திருக்கலாம்."

அவர் சிரிக்கப் பார்த்தார், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

அந்தப் பிடிப்பு மூன்று நாளைக்கு விடவில்லை. தபால் நிலைய மாடிப்படியில் ஏறுவது ஒரு மாதிரி முடிந்தது. இறங்குவதுதான் பெரும் பாடு. பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினார். முத்திரை பின்னாலேயே நின்று ஒவ்வொரு படிக்கும் வழி சொன்னார், கேட்காமலே.

மூன்றாம் நாள் சிறப்பு விடுப்பு விண்ணப்பத்தோடு மேல்மாடியில் மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரி தகுதி நேரத்தைப் படித்தார், பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தார்.

"இந்தக் கால வெச்சுக்கிட்டா தேசியப் போட்டிக்குப் போறீங்க?"

"ஓடறதுல ஒண்ணும் இல்ல சார். படிதான் எறங்க முடியல."

"எத்தன டிக்கெட்?"

"ரெண்டு. ஒண்ணு இலாகா, ஒண்ணு நான் எடுத்துக்கறேன்."

மேலதிகாரி கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவர் சட்டைப் பையில் தானே செருகினார். அவர் கதவருகே திரும்பிப் பின்பக்கமாக முதல் படியைத் தேட ஆரம்பித்ததும், மேலதிகாரி எழுந்து வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து எறங்குங்க. இப்ப விழுந்து வெச்சா இத மருத்துவ விடுப்புன்னு மாத்தி எழுதணும். அதுக்கு என்கிட்ட வேற ஃபாரம் இல்ல."