எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபுளோரன்ஸ் பயணத்துக்கான படிவம் வந்த அன்று நான் துபாய் ஜெபல் அலியில் கிடங்கு டியூட்டி முடித்து அசந்துபோய் வந்திருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர், ஆசிரியைகள் இரண்டு பேர், ஐந்து நாள் இத்தாலி. மகள் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே படிவத்தை வைத்துப் பேனாவையும் நீட்டினாள். கடைசிப் பக்கம் உடல்நலம். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, ஒவ்வாமை உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். நான் எதையும் நின்று படிக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. ஐந்து வயதில் மூன்று நாள் ஐ.சி.யு.வில் கிடந்திருக்கிறாள். மணற்காற்று அடிக்கிற வாரங்களில் ஜன்னலைத் துணி வைத்து அடைத்துவிட்டுத்தான் நாங்கள் உட்காருவோம். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன்.

வேறு ஊர்க்காரரிடம் சொன்னால் என்னைக் கிறுக்கன் என்பார். வளைகுடாவில் இருபது வருஷம் ஓட்டியவருக்கு விளக்கத் தேவையில்லை. விசா புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் மெடிக்கல். ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் என் மேல்கட்டிலில் படுத்திருந்த சிவகங்கைக்காரருக்கு எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு பழைய டி.பி. தழும்பு தெரிந்தது. ஆள் கல் மாதிரி இருந்தார். ஆனாலும் அந்த மாதம் முடிவதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மெடிக்கல் நெருங்கினால் இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்வேன். உடம்பைப் பற்றி எந்தக் காகிதம் கேட்டாலும் பதில் ஒன்றுதான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

டீச்சரிடமாவது வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மனைவி கெஞ்சினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷத்தில் மகளுக்குப் பதினெட்டு ஆகிவிடும், அவளுக்கும் மெடிக்கல் உண்டு, நுரையீரல் என்று எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது என்று கத்தினேன். மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் கேட்டாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். துபாயில் பிறந்து துபாயிலேயே விசாவில் இருக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவி, மகள் மூச்சுத் திணறினால் அடிக்கிற பஃப்பை ஒரு காலுறைக்குள் சுருட்டிப் பெரிய பெட்டியின் அடியில் வைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கிடங்கில் கண்டெய்னர் இறக்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் கூப்பிட்டார். அந்த ஊரின் பெரிய தேவாலயத்துக் குவிமாடத்தில் ஏறப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நானூறு சொச்சம் படி, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். படிவத்தைப் பார்த்து மூச்சுக் கோளாறு உள்ள இரண்டு பிள்ளைகளைக் கீழேயே நிறுத்திவிட்டார்களாம். என் மகள் ஏறியிருக்கிறாள். பாதிக்கு மேல் மூச்சு விட முடியாமல் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கீழே கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றி, இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பஃப் ஹோட்டலில், பெட்டியில், காலுறைக்குள் கிடக்கிறது.

டீச்சர் கேட்டார், இதற்கு முன்பு இப்படி வந்திருக்கிறதா என்று. நீங்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அவளும் இல்லை என்றே சொல்கிறாள், டாக்டர் நம்ப மாட்டேன் என்கிறார் என்றார்.

பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது, சொன்னால் இது பள்ளிக்கூடத்து ஃபைலில் ஏறிவிடுமே என்று என் புத்தி கணக்குப் போட்டது. எத்தனை விநாடி இருக்கும், தெரியவில்லை. அந்த விநாடிகளுக்காக என்னை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். நான் பிள்ளை தலையில் போட்டேன்.

உண்டு டீச்சர், சின்ன வயதிலிருந்தே உண்டு என்றேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. என்ன மருந்து என்று கேட்டார். எனக்குப் பெயர் வாயில் வரவில்லை. நீல மூடி போட்டது என்றுதான் சொல்லத் தெரிந்தது. உம்மாவோ வாப்பாவோ ஒருவர் கிளம்பி வர முடியுமா என்று கேட்டார். ஆறேழு மணி நேரத்தில் விமானம் போய்விடும். என் பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்க மூன்று வாரம் ஆகும். முடியாது என்றேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பட்டான், வழியை மறித்து நிற்கிற என்னைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றுகூடப் புரியவில்லை.

டாக்டர் என்ன கேட்டாலும் மகள் தலையை ஆட்டி மறுக்கிறாளாம். நீங்களே சொல்லுங்கள் என்று டீச்சர் போனை அவள் காதருகே வைத்தார். முதலில் ஆக்சிஜன் சீறுகிற சத்தம்தான் கேட்டது.

“உள்ளதச் சொல்லும்மா. வாப்பா சொல்றேன், எல்லாத்தயும் சொல்லிரு.”

அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள். “சொன்னா... நம்மள ஊருக்கு அனுப்பிருவாங்கள்ல வாப்பா?”

“அனுப்ப மாட்டாங்கம்மா” என்றேன். அது எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

மருந்து ஏறி அன்று மாலையே அவளுக்கு மூச்சு சீரானது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கூட்டத்தோடு அனுப்பிவைத்தார்கள். விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் போனை டீச்சர் உடனே வைக்கவில்லை. டாக்டர் கேட்கக் கேட்க மகள் இங்கிலீஷில் பதில் சொன்னதை நான் கிடங்கில் நின்று கேட்டேன். ஐந்து வயதில் ஐ.சி.யு. என்றாள். மருந்தின் பெயரைச் சரியாகச் சொன்னாள். கடைசியாக எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். போன மாதம் இரண்டு தடவை என்றாள். ஒரு தடவை ஸ்கூல் பஸ்ஸில், ஒரு தடவை வீட்டுப் பாத்ரூமில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

வீட்டில் சொன்னாயா என்று அவர் கேட்டதும் என் காதில் விழுந்தது.

“இல்லை” என்றாள்.