வெள்ளிக்கிழமை வெடுக்கு

நான் பல விஷயங்களில் பொய் சொல்லியிருக்கிறேன். கந்தோர் வேலைக்குப் பிந்திப் போனதற்கு, மாமியார் வீட்டு விருந்துக்குப் போகாததற்கு, என் எடைக்கு. மீன் விஷயத்தில் மட்டும் நெடுநாள்வரை சொன்னதில்லை. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவனுக்கு, மீன் சாப்பிட்டதை மறைக்க வேண்டிய தேவை ஒருநாளும் வருவதில்லை. அதனால்தான் வெள்ளவத்தையில் வாடகை வீட்டு வாசலில் நின்று, "மாதா மேல சத்தியமா இன்டைக்கு மீன் இல்ல" என்று நான் கத்த வேண்டி வந்தபோது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், சுத்த சைவம். மேல்மாடியில் அவர் தனியாக. கீழே நான், மனைவி, நாய். நாயோடு வருகிறோம் என்றதும் பதினொரு வீட்டுக்காரர்கள் எங்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் இவர். இரண்டே நிபந்தனைதான் போட்டார்.

"நாய் நிக்கட்டும், ஆனா மேல ஏறக்கூடாது. வெள்ளிக்கிழமையில வீட்டில மீன், மச்சம் சமைக்கக்கூடாது."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்களான எங்களுக்கு இறைச்சி ஆகாது. அதனால் அன்றைக்கென்றே மீன் வாங்குகிற ஆட்கள் நாங்கள். அவருக்கு அன்றைக்கு மீனின் நிழலும் ஆகாது. இரண்டு சமயங்களுக்கும் நடுவில் எங்கள் தட்டில் மிஞ்சியது பருப்பு. நாங்கள் அதை முணுமுணுத்தபடியே சாப்பிட்டோம், ஆனால் வாக்கு மாறவில்லை.

குடிவந்து இரண்டாம் மாதம் தொடங்கியது வினை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மேலே பூசை மணி கேட்கும். கொஞ்ச நேரத்தில் ரீச்சர் முன்படியால் இறங்கி வருவார். நெற்றி நிறையத் திருநீறு, முகம் நிறையச் சந்தேகம்.

"என்ன தம்பி, இண்டைக்கும் மீனோ?"

"இல்ல ரீச்சர். பருப்பும் கீரையும்."

"பருப்புக்கு இப்படி வெடுக்கு அடிக்குமோ?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை. எனக்கும் மணத்தது. அழுகிய நெத்தலியைப் பழைய இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தது போல ஒரு வெடுக்கு. மனைவி என்னைச் சந்தேகித்தாள், கந்தோர் கன்ரீனில் மீன் கட்லட் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று. நான் மனைவியைச் சந்தேகித்துக் குப்பைவாளியைக் கிளறினேன். நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி, பின்பக்கத்தை நிலத்தில் தேய்த்துக்கொண்டு, முன்காலால் உந்தி ஹோல் முழுக்க ஊர்ந்து போனான். "பார், இவன் ஸ்கூட்டர் ஓடுறான்" என்று நாங்கள் சிரித்தோம். இரண்டு பட்டதாரிகள் அந்த வீட்டில் இருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை ரீச்சர் தீர்ப்புச் சொன்னார்.

"மாசம் முடியமுந்தி ஒண்டில் மீனை விடுங்கோ, இல்லாட்டி வீட்டை விடுங்கோ."

அன்றைக்குத்தான் மாதாவை இழுத்துச் சத்தியம் செய்தேன். பலிக்கவில்லை. வீடு போனால் இன்னொரு வீடு கிடைக்கும், நாயோடு கிடைக்காது. கடைசியில் அவனை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டிவரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கதைக்கப் பயந்து, அன்றிரவு முழுக்க மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கதைத்தோம்.

இதற்கிடையில் நாய்க்கு வயிறும் இளகிக் கிடந்தது. ஸ்கூட்டர் ஓட்டமும் கூடிவிட்டது. பூச்சியாக இருக்கும் என்று குளிசை கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. பொரளைப் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். சிங்களவர், நல்ல மனிதர். நாயின் வாலைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பய வெண்ட எபா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று நாய்க்குச் சொன்னாரோ எனக்குச் சொன்னாரோ தெரியாது. கையுறை மாட்டி, பின்பக்கத்தில் எங்கோ ஒரு இடத்தைப் பிடித்து அமுக்கினார்.

அறை முழுக்க மீன்.

"இதுதான்! ரீச்சர் சொன்ன மீன் இதுதான்!" என்று நான் துள்ளினேன். வெளியே பூனையோடு காத்திருந்த ஒரு பெண் எழுந்து போய்விட்டார். பூனை மட்டும் போக விரும்பவில்லை.

வைத்தியர் விளக்கினார். நாயின் குதத்துக்கு இரண்டு பக்கமும் கடலையளவில் இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன. மலம் இறுக்கமாகப் போனால் அவை அமுங்கித் தானாகவே காலியாகும். வயிறு இளகிக் கிடந்தால் அமுங்காது. நிரம்பி அரிக்கும், நாய் நிலத்தில் தேய்க்கும். பயந்தாலோ அளவுக்கு மிஞ்சிச் சந்தோஷப்பட்டாலோ சட்டென்று பீச்சியும் விடும். எண்ணெய்ச் சாப்பாடு, பால் எல்லாம் நிறுத்து, அவித்த கோழியும் சோறும் கொடு, கூடவே உப்புப் போடாமல் அவித்த பூசணிக்காய் கொஞ்சம் கொடு என்றார். "கொட்டாஞ்சேனையில இருக்கேக்க இது இருக்கேல்லையே" என்றேன். இருந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றார். ஞாயம்தான். பேலியகொடைச் சந்தையிலிருந்து மீன் வந்து இறங்குகிற ஒழுங்கையில் அதை யார் கவனிப்பது?

நான் கந்தோர்க்காரன். எதையும் எழுத்தில் வாங்கினால்தான் எனக்குத் திருப்தி. மீன் நாற்றம் குடியிருப்பாளருடையதல்ல, நாயுடையது என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, ரீச்சர் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சிவப்புப் பேனையால் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, என்னிடமே திருப்பித் தந்தார்.

"அப்ப ஏன் தம்பி வெள்ளிக்கிழமையில மட்டும்? நாய்க்கு நாள் தெரியுமோ?"

கடிதத்தை மடித்துக்கொண்டு யோசித்தேன், நாய்க்கு நாள் தெரியாது. எண்ணெய்ச் சாப்பாடு நாங்கள் கொடுப்பதும் இல்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் நல்ல நித்திரை. மேலே பூசை மணி அடித்தது. அடித்த மாத்திரத்தில் எழும்பினான், வால் சுழன்றது, ஒரு துள்ளல், கூடவே குப்பென்று வெடுக்கு. காற்றுக்குத் திறந்து கிடக்கும் பின்கதவால் பாய்ந்து, இரும்புப் படியில் நாலு காலில் தடதடவென்று ஏறினான். நான் இரண்டு காலில் பின்னால் ஏறினேன்.

மேலே பின்வாசலில் ரீச்சர் குந்தியிருந்தார். கையில் தட்டு. தட்டில் வைரவருக்குச் சாத்திய வடைமாலையிலிருந்து உருவிய நாலு வடை, பக்கத்தில் ஒரு கிண்ணம் பால்.

"வாங்கோ என்ரை ராசா. இண்டைக்கு ஏன் பிந்திப்போச்சு?"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதேயில்லை. பிறகு அவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். தட்டைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். நாய் அதற்குள் வடையை முடித்துவிட்டு, அவர் கழுவி விட்டிருந்த சீமெந்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஸ்கூட்டர் ஓடினான். வெடுக்கு எழும்பியது. ரீச்சரின் மூக்கு விரிந்தது.

"நாயெண்டா வைரவற்றை வாகனமெல்லே" என்றார் கடைசியில், நிலத்தைப் பார்த்தபடி. "மணிச் சத்தத்துக்கு அது தன்ரை பாட்டில வரும். வந்து நிக்கிறதைச் சும்மா விடேலுமோ?"

எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு பிரசங்கமே செய்திருக்கலாம். ஆனால் வைத்தியர் சொன்ன சாப்பாட்டைச் சொன்னதோடு நிறுத்தினேன். அவர், "வைரவர் பூசணிக்காய்க்குக் கோவிக்க மாட்டார்தானே?" என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டை விடுவது பற்றி அதன்பிறகு யாரும் கதைக்கவில்லை. வெள்ளிதோறும் நாய்க்கு அவித்த பூசணிக்காய், எனக்கு நாலு வடை. அவன் வயிறு இறுகியது. என் வயிற்றைப் பற்றி இங்கே வேண்டாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் யோக்கியன். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மனைவியின் அண்ணன் ஒரு பை சாளை கொண்டு வந்தார். பளபளவென்று, கண் தெளிந்த சாளை. ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுப் பொரித்தோம். பாதிச் சாப்பாட்டில் கதவு தட்டப்பட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். ரீச்சர் மூக்கை உறிஞ்சினார். பிறகு குனிந்து நாயின் தலையைத் தடவினார்.

"பாவம் பிள்ளை. திரும்பவும் நிரம்பிட்டுது போல, என்ன தம்பி?"

"ஓம் ரீச்சர்" என்றேன்.

மறுநாள் காலை ஓட்டோவோடு வாசலில் நின்றார், தானும் வைத்தியரிடம் வருவதாக. வைத்தியர் வாலைத் தூக்கி, அமுக்கிப் பார்த்து, ஒன்றுமேயில்லை, இரண்டு பையும் காலி என்றார். ரீச்சர் என்னைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத நாட்களுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில், பம்பலப்பிட்டி தாண்டியதும் கேட்டார்.

"என்ன மீன்?"

"சாளை, ரீச்சர்."

"மீன் திண்டால் திண்டதெண்டு சொல்லுங்கோ, தம்பி. நான் மேல ஜன்னலைச் சாத்திறன். வாயில்லாத பிள்ளையில பழி போடாதேங்கோ."

எனக்குக் காது சுட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் நாய் படுத்திருந்தான், தலை அவர் மடியில், பின்பக்கம் என் பக்கமாக.