இது எதுக்கு என்று கேட்ட ரெஜினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சேவியர் அண்ணன். வழக்கமாக அவர் இரண்டு வார்த்தையோடு தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிடுவார். அன்று கொடுக்க ஆளில்லை.

"மலர், ரெஜினா போயிட்டாம்மா. விடியக்காலையில, ஆஸ்பத்திரியில."

ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

ரெஜினா அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் பிறந்து வளர்ந்து, எங்களைப் போலவே இந்த நாட்டுக்குக் குடிவந்தவர். எல்லர்ஸ்லியில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில், வீடு வாங்குவோருக்கான பத்திர வேலைகளையெல்லாம் அவர்தான் பார்த்தார். கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பார். ஒவ்வொரு வரியிலும் பென்சிலை ஊன்றி, "இது எதுக்கு?" என்பார். சண்டை பிடிக்கிற கேள்வியல்ல அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற கேள்வி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் என் கணவரும் லின்ஃபீல்டில் மூன்று அறை வீடொன்றைப் பார்த்து வைத்தோம். அரசாங்க வீட்டுக் கடனுக்குச் சம்மதம் கிடைத்திருந்தது. முற்பணமும் சேர்த்தாகிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பால் காய்ச்சும் நாள்கூடப் பார்த்து ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அக்காவின் மேசைக்கு முன்னால் போய் இருந்தேன்.

"சாவி எப்ப அக்கா தருவினம்?"

"சாவி இருக்கட்டும். இதெல்லாம் யாரு கட்டுறது?" என்று ஒரு தாளை நகர்த்தினார்.

சொலிசிட்டர் கட்டணம், வீட்டின் பெறுமதியைக் கணித்தவருக்கான கட்டணம், கடன் விண்ணப்பக் கட்டணம், பத்திரப் பதிவு, ஒரு வருடக் காப்புறுதி. கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான ரேட்ஸை விற்பவர் முன்கூட்டியே கட்டியிருந்ததால், நாங்கள் குடியிருக்கப்போகும் நாட்களுக்கான பங்கு. கடைசி வரியில், சாமான் ஏற்றி இறக்கும் செலவு. எனக்குத் தலை சுற்றியது.

"அரசாங்கக் கடன் எண்டால் உதுகளை அரசாங்கம்தானே கட்டும்?"

அக்கா சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு கதை! இதுக்கெல்லாம் உங்க கையில காசு இருக்குன்னு காட்டணும். காட்டலைன்னா கடன் இல்ல. கடன் இல்லைன்னா வீடு இல்ல."

என் அண்ணை அப்போது நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை செய்தார். விஷயம் கேள்விப்பட்ட மறுநாளே ஓர் உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதை அப்படியே அக்காவிடம் கொண்டுபோனேன்.

"இது என்ன காசு?"

"அண்ணையின்ர."

"கடனா?"

"சீ, கடன் இல்லை."

"அப்ப அன்பளிப்பு."

"அதுவுமில்லை. நான் திருப்பிக் குடுப்பன்தானே."

"அப்ப கடன்தான்."

"ஐயோ அக்கா! அண்ணையிட்டை வாங்கினால் அது கடனோ?"

அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் அப்படியொரு ஆவல். "எத்தனையோ வருஷமா இந்த வேலை பாக்குறேன். இந்தக் காசுக்கு ஃபாரத்துல கட்டமே இல்ல, பாருங்க!"

ஃபாரத்தில் இரண்டே கட்டங்கள். கடன் என்றால் எங்கள் தகுதி குறையும். அன்பளிப்பு என்றால், திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அண்ணை கையெழுத்திட வேண்டும். அண்ணைக்கு மூக்குக்கு மேல் கோபம். "நானும் என்ர தங்கச்சியும் என்ன குடுத்து வாங்கிறம் எண்டு கேக்க உவையள் ஆர்?" என்று கத்தினார். பிறகு எனக்காகச் சம்மதித்தார். நானும் ஒரு கையெழுத்துத்தானே என்று நினைத்தேன். அக்காதான் விடவில்லை.

"மலர், திருப்பிக் குடுக்கணும்னு மனசுல இருக்கா?"

"ஓம்."

"அப்ப அவரு இதுல கையெழுத்துப் போடக்கூடாது. பொய்யா போயிடும். வேற வழி பாப்போம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. வீடு கைவிட்டுப் போகிற நேரத்தில் இந்த மனுஷி நியாயம் கதைக்கிறாவே என்று மனதுக்குள் திட்டினேன். அவரோ தாளை மறுபடி முன்னால் இழுத்தார். கேட்டுப் பார்க்கக்கூடிய வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். பதிவுக் கட்டணத்தில் கை வைக்க முடியாது. பெறுமதிக் கணிப்பும் அப்படியே. காப்புறுதியை மாதாமாதம் கட்டலாமா? தொலைபேசியில் கேட்டார், கட்டலாம். ரேட்ஸ் எந்தத் தேதிவரை கட்டியிருக்கிறது? வீடு கைமாறும் நாளை அதற்குப் பக்கமாகத் தள்ளினால் எங்கள் பங்கு அநேகமாக இல்லாமற் போகும். விற்பவர் சம்மதித்தார். சொலிசிட்டர் கட்டணத்தைத் தவணையாகத் தரலாமா என்று தன் முதலாளியிடமே போய்க் கேட்டார். ஒவ்வொரு புள்ளியும் தீரத்தீர வரியில் ஒரு கோடு. கடைசியில் மிஞ்சியது சாமான் ஏற்றும் செலவுதான். மற்றதெல்லாம் கையிலிருந்த காசில் அடங்கியது; இதற்கு மட்டும் எங்களிடம் காசு இல்லை.

இதற்கிடையில் உறையைத் திருப்பிக் கொடுத்ததில் அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். ரெஜினா அக்கா தானே அவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணே, உங்ககிட்ட லாரி இருக்காமே? தங்கச்சி சாமானை ஏத்தி இறக்க என்ன கேப்பீங்க?"

"என்ன விசர்க் கதை? அவளிட்டை நான் காசு கேப்பனோ?"

"அதான் கேட்டேன். இதுக்கு யாரும் கையெழுத்துக் கேக்க மாட்டாங்க." அந்த வரியையும் அடித்துவிட்டார்.

லொறி வந்தது. சாமான்களோடு ஒரு மூட்டை வெங்காயமும் வந்தது. பால் காய்ச்சிய அன்று, ஞாயிறு பூசை முடிந்த கையோடு அக்காவும் சேவியர் அண்ணனும் வந்தார்கள். அக்கா அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்து, "எந்தப் பக்கம் வழிஞ்சா நல்லது? ஏன்?" என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

அக்கா போன மறுநாள், புதன்கிழமை, சேவியர் அண்ணன் இறுதிச் சடங்கு நடத்துபவர் கொடுத்த செலவுத் தாளை என்னிடம் நீட்டினார். "அவ இருந்தா வாசிச்சிருப்பா. எனக்கு ஒண்ணும் ஓடலம்மா." கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். முதல் வரியில் ஊன்றி, "இது எதுக்கு?" என்று எதிரே இருந்த சடங்கு நடத்துபவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நடுவில் ஒரு வரி: மண்டபத்துக்குக் கதிரைகள் ஏற்றி இறக்கும் செலவு. பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எத்தினை மணிக்கு வரோணும்?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புக்கெகோஹியிலிருந்து லொறி வந்தது. அண்ணை ஒவ்வொரு கதிரையாக இறக்கித் துடைத்து, வரிசை பிடித்து வைத்தார். எல்லோரும் அதில்தான் இருந்து அக்காவுக்காகச் செபித்தோம்.

ரெஜினா அக்கா, அந்த வரியை அடித்துவிட்டேன். நிம்மதியாகப் போங்கள்.